சர்வர் படுத்துவிட்டால்...?

(கணினிப் பக்கம்)



காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். நம்ம கம்ப்யூட்டர் லேபில் மூலையில் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசா ஒண்ணு இருக்குமே, அதை ஆன் செய்தோம். திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் மட்டும் வந்தது. சார் பக்கத்தில் குனிந்து கேட்டுவிட்டு, "ஹார்டு டிஸ்க் போச்சுப்பா" என்றார்.

அதில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? ஆண்டு விழா போட்டோக்கள், பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் செய்து வைத்த புராஜெக்ட்டுகள், இதுவரை இந்தச் சுவரில் ஒட்டிய கையெழுத்து இதழ்களின் ஸ்கேன் படங்கள். சுவரில் ஒட்டிய தாள் சாரலில் நனைந்து கிழிந்து போகும் என்றுதான் ஸ்கேன் செய்து வைத்தோம். இப்போ தாளும் இல்லை, படமும் இல்லை.

"ரெண்டு காப்பி வச்சிருந்தோமே சார்" என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான். உண்மைதான், இரண்டு காப்பி இருந்தது. ஆனால் இரண்டும் அதே டிஸ்க்கில், பக்கத்துப் பக்கத்து ஃபோல்டரில் இருந்தது!

எல்லோரும் பேசாமல் நின்றோம். சார் திட்டவில்லை. "இதே தப்பைப் பெரிய பெரிய கம்பெனிக்காரங்களும் பண்ணியிருக்காங்க. தேடிப் படிச்சு சுவர் இதழுக்கு எழுது" என்றார். அதான் இந்தக் கட்டுரை.

சர்வர் என்றால் யார்?

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டு வருபவர் ஞாபகத்துக்கு வருவார். கம்ப்யூட்டர் சர்வரும் கிட்டத்தட்ட அவர்தான். கேட்டதை உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுப்பது அதன் வேலை. நாம் போனில் தேர்வு முடிவு பார்க்கிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம். அப்போதெல்லாம் எங்கோ ஓர் இடத்தில் ஒரு சர்வர் நமக்குப் பரிமாறுகிறது. ஓட்டலில் ஒரே ஒரு சர்வர் இருந்து அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் என்ன ஆகும்? சாம்பார் வாளி நிறைய இருந்தும் இலையில் ஒன்றும் விழாது.

சர்வர் ஏன் படுக்கிறது?

1. தேய்மானம். சாதாரண ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும். சுற்றுகிற எந்தப் பொருளும் ஒரு நாள் தேயும்.
2. மின்சாரம். திடீர் கட், திடீர் உயர் அழுத்தம் இரண்டுமே ஆபத்து.
3. சூடு. மின்விசிறி நின்றாலோ, ஏ.சி. நின்றாலோ உள்ளே கொதிக்கும்.
4. மனிதர் கை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்-3 என்ற சேமிப்புச் சேவையில் ஒரு ஊழியர் ஒரு கட்டளையைத் தவறாக உள்ளிட்டார். சில சர்வர்களை மட்டும் நிறுத்த வேண்டியவர், நினைத்ததைவிட நிறைய சர்வர்களை நிறுத்திவிட்டார். அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியிலிருந்து நடந்த அந்தச் சேவை ஏறக்குறைய நான்கு மணி நேரம் முடங்கியது. அதை நம்பியிருந்த எத்தனையோ இணையதளங்களும் கூடவே முடங்கின.
5. தீ, வெள்ளம், இடி.

பழுதே வராத இயந்திரம் கிடையாது. ஆகவே 'பழுது வராமல் எப்படித் தடுப்பது?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'பழுது வந்த பிறகும் வேலை எப்படி நடக்கும்?' என்றும் கேட்க வேண்டும்.

ஒரு பெட்டிக்குள் பத்து பெட்டி

முன்பெல்லாம் ஒரு அலுவலகத்தில் மெயிலுக்கு ஒரு சர்வர், கணக்குக்கு ஒரு சர்வர், இணையதளத்துக்கு ஒரு சர்வர் என்று வாங்கி வைப்பார்கள். பாதி நேரம் அவை சும்மாவே இருக்கும். ஆனால் கணக்கு சர்வர் படுத்தால் அன்று கணக்கு வேலை அவ்வளவுதான்.

இதற்கு வந்த வழிதான் விர்ச்சுவலைசேஷன். தமிழில் மெய்நிகராக்கம் என்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். வீடு ஒன்று, குடித்தனம் பல. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனி பூட்டு. ஒரு வீட்டுக் குழம்பு தீய்ந்தால் அடுத்த வீட்டுக் குழம்புக்கு ஒன்றும் ஆகாது. அதுபோல ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல 'பொய்க் கம்ப்யூட்டர்கள்' ஓடும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக் கொள்ளும். இதன் பெயர் விர்ச்சுவல் மெஷின். யாருக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்காரர்தான் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள்.

இது புதுசு என்று நினைக்காதீர்கள். ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக 1972-லேயே வி.எம்./370 என்ற மென்பொருளை அறிவித்தது. நாம் பயன்படுத்துகிற வகைக் கம்ப்யூட்டர்களுக்கு வி.எம்.வேர் நிறுவனம் 1999-ல் இதைக் கொண்டு வந்தது. 2007 முதல் லினக்ஸின் உள்ளேயே கே.வி.எம். என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது.

இதனால் ஆபத்து எப்படிக் குறைகிறது?

ஒன்று: ஒரு முழு சர்வரே சில ஃபைல்களாக மாறிவிடுகிறது. ஃபைல் என்றால் காப்பி எடுக்கலாம் அல்லவா? பழைய பெட்டி போனாலும் வேறு பெட்டியில் அந்தக் காப்பியை வைத்து ஓட்டலாம். புதிதாக எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இரண்டு: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றலாம். முதலில் மெமரியில் உள்ளதைக் காப்பி செய்வார்கள். அதற்குள் மாறிப்போனதை மறுபடி காப்பி செய்வார்கள். மிச்சம் மிகக் குறைவானதும் ஒரு கணம் நிறுத்தி, அந்தப் பக்கம் ஓட விடுவார்கள். பயன்படுத்துகிறவருக்குத் தெரியவே தெரியாது. வி.எம்.வேர் 2003-ல் இதைத் தந்தது. 'இந்தப் பெட்டியில் மின்விசிறி சத்தம் போடுது' என்று தெரிந்தால் குடித்தனக்காரர்களை முன்கூட்டியே பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிட்டு நிதானமாகப் பழுது பார்க்கலாம்.

மூன்று: பெட்டிகள் ஒன்றுக்கொன்று 'நான் இருக்கேன், நான் இருக்கேன்' என்று அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்றிடமிருந்து சத்தம் வரவில்லை என்றால், அதிலிருந்த விர்ச்சுவல் மெஷின்களை மற்ற பெட்டிகள் தாமாகவே எடுத்து மறுபடி தொடங்கும். ஆனால் கவனிக்கவும்: இது மறுபடி தொடங்குவதுதான். சேமிக்காமல் மெமரியில் இருந்தது போனது போனதுதான். அவற்றின் டிஸ்க்கும் செத்த பெட்டிக்குள் மட்டும் இருந்தால் எடுக்க முடியாது. மற்ற பெட்டிகளுக்கும் எட்டுகிற பொதுச் சேமிப்பில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு புது ஆபத்தும் வருகிறது. முன்பு ஒரு பெட்டி செத்தால் ஒரு வேலை நிற்கும். இப்போது ஒரு பெட்டி செத்தால் பத்து குடித்தனமும் தெருவுக்கு வந்துவிடும்! அதனால் பெட்டிகளை முழுக்க நிரப்பக் கூடாது. மூன்று பெட்டி இருந்தால் ஒவ்வொன்றையும் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்ப வேண்டும். அப்போதுதான் ஒன்று போனால் அதன் சுமையை மற்ற இரண்டும் பாதிப் பாதியாகத் தாங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

மேகம் எங்கே இருக்கிறது?

'இதையெல்லாம் நாமே வாங்கி வைக்கணுமா? வாடகைக்குக் கிடைக்காதா?' என்ற கேள்விக்கு வந்த பதில்தான் கிளவுடு ஹோஸ்டிங். அமேசான் 2006 மார்ச் மாதம் சேமிப்பு இடத்தையும், ஆகஸ்ட் மாதம் விர்ச்சுவல் மெஷினையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும். வேண்டாம் என்றால் திருப்பித் தந்துவிடலாம்.

கிளவுடு என்றால் மேகம். ஆனால் அது வானத்தில் இல்லை! ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், அடுக்கி வைத்த இரும்புப் பெட்டிகள்தான் அது. அந்தக் கட்டடத்தின் பெயர் டேட்டா சென்டர். அங்கே நல்ல ஏ.சி., பெரிய ஜெனரேட்டர், இரவு பகல் காவல் எல்லாம் உண்டு. நம்ம லேபைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பு. ஆனாலும் அதுவும் ஒரு கட்டடம்தான்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் நடந்தது

பிரான்ஸ் நாட்டில் ரைன் நதிக்கரையில் ஸ்ட்ராஸ்பூர்க் என்றொரு ஊர். அங்கே ஓ.வி.எச். என்ற கிளவுடு நிறுவனத்துக்கு நான்கு டேட்டா சென்டர்கள், எல்லாம் ஒரே வளாகத்தில். 2021 மார்ச் 10, நள்ளிரவு 12.47 மணிக்கு இரண்டாவது டேட்டா சென்டரில் ஒரு அறையில் தீப்பிடித்தது. ஐந்து தளக் கட்டடம் முழுவதும் எரிந்து போனது. பக்கத்தில் இருந்த முதல் டேட்டா சென்டரில் 12 அறைகளில் 4 அறைகள் அழிந்தன. மற்ற இரண்டிலும் தீப்பிடிக்கவில்லை. ஆனாலும் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை.

இணையத்தைக் கண்காணிக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 36 லட்சம் இணையதளங்கள் நின்றன. ஓ.வி.எச். நிறுவனர் ஆக்டேவ் கிளாபா அன்று காலையே, வாடிக்கையாளர்கள் தங்கள் பேரிடர்காலத் திட்டத்தைத் தொடங்கிக் கொள்ளுமாறு ட்விட்டரில் சொன்னார். திட்டம் வைத்திருந்தவர்கள் வேறு ஊரில் இருந்த காப்பியை எடுத்து ஓட்டினார்கள். வைத்திருக்காதவர்கள்? நமக்குத் தெரிந்த கதைதான். ரஸ்ட் என்ற விளையாட்டை நடத்துகிறவர்கள் தங்கள் 25 ஐரோப்பிய சர்வர்களின் தகவல் முழுதும் போய்விட்டது என்று அறிவித்தார்கள்.

எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது இன்னொரு சம்பவம். ஒரு வாடிக்கையாளர் கூடுதல் பணம் கட்டி பேக்கப் வசதி வாங்கியிருந்தார். பேக்கப் தனி இடத்தில் இருக்கும் என்று ஒப்பந்தத்திலும் இருந்தது. ஆனால் சர்வரும் பேக்கப்பும் அதே கட்டடத்தில்தான் இருந்தன. இரண்டும் சேர்ந்து எரிந்தன. 2023-ல் லீல் நகர வணிக நீதிமன்றம் நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பணம் வரும், தகவல் வராதே!

நம்ம லேபில் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டர். அங்கே ஒரே கட்டடம். தப்பு ஒன்றுதான்.

கணக்குப் பாடம் என்ன சொல்கிறது?

நிகழ்தகவு பாடத்தில் 'சார்பிலா நிகழ்ச்சிகள்' என்று படிக்கிறோமே, பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். இங்கேதான் அதன் அருமை தெரிந்தது.

ஒரு சர்வர் 100-ல் 99 பங்கு நேரம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கும் மேல் நிற்கும்! அதே மாதிரி இரண்டு சர்வர் வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும் நிகழ்தகவு

1/100 × 1/100 = 1/10,000.

அதாவது ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. எவ்வளவு பெரிய லாபம்!

ஆனால் இப்படிப் பெருக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று படுப்பதற்கும் மற்றது படுப்பதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால்? அந்தக் கட்டடம் 1000-ல் 1 பங்கு நேரம் இருட்டாகும் என்றால், உள்ளே பத்து சர்வர் வைத்தாலும் நூறு வைத்தாலும் ஆபத்து 1/1000-க்குக் கீழே இறங்கவே இறங்காது. ஆகவே 'எத்தனை காப்பி?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'இந்தக் காப்பியை அழிக்கிற காரணம் அந்தக் காப்பியையும் அழிக்குமா?' என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சம்பவங்கள்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் அலுத்துப்போன ஒரு பொறியாளர், இரவு நேரத்தில், தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். 'பேக்கப் இருக்கே' என்று தேடினார்கள். பேக்கப் எடுக்கும் நிரல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. 'தோற்றுவிட்டேன்' என்று அது அனுப்பிய மெயிலும் போய்ச் சேரவில்லை. கடைசியில், ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக ஒருவர் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடுவில் உள்ள ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். பாடம்: திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப் இல்லை.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் கணக்கு கூகுள் கிளவுடில் தவறுதலாக நீக்கப்பட்டது. அவர்கள் கெட்டிக்காரத்தனமாக இரண்டு இடங்களில் வைத்திருந்தார்கள். ஆனால் கணக்கு ஒன்று என்பதால் இரண்டு இடத்திலும் அழிந்தது! ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேமிப்பு விவரம் அது. வேறு ஒரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்ததால் தப்பித்தார்கள். பாடம்: இடம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, சாவியும் வேறாக இருக்க வேண்டும்.

3 – 2 – 1

இதற்கெல்லாம் ஒரு சுருக்கமான விதி இருக்கிறது.

3 – மூன்று காப்பி இருக்கட்டும்.
2 – இரண்டு விதமான சாதனத்தில் இருக்கட்டும்.
1 – ஒன்றாவது வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஜாக்கிரதை! கீழே உள்ளவை நல்லவைதான், ஆனால் பேக்கப் ஆகாது:
* இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு – ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்களே ஃபைலை அழித்தால் இரண்டிலும் அழியும்.
* ஸ்னாப்ஷாட் – பெரும்பாலும் அதே சேமிப்பில்தான் இருக்கும்.
* தானாக ஒத்திசைக்கும் ஃபோல்டர் – இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

நம்ம பள்ளிக்கு என்ன செய்யலாம்?

சாரிடம் கேட்டு எழுதிய யோசனைகள் இவை. தலைமை ஆசிரியர் அவர்களின் பார்வைக்கும் பணிவுடன் வைக்கிறோம்.

1. முதல் காப்பி லேப் கம்ப்யூட்டரில்.
2. இரண்டாவது காப்பி ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில். காப்பி எடுத்ததும் கழற்றி, அடுத்த கட்டடத்தில் அலுவலக பீரோவில் வைக்க வேண்டும். செருகியே வைத்திருந்தால் வைரஸும் இடியும் இரண்டையும் சேர்த்தே தாக்கும்.
3. மூன்றாவது காப்பி கிளவுடில். அது ஒருவருடைய சொந்த மெயிலில் இருக்கக் கூடாது, பள்ளியின் கணக்கில் இருக்க வேண்டும். சார் மாறுதலாகிப் போனால் பாஸ்வேர்டும் மாறுதலாகிப் போய்விடக் கூடாது!
4. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, ஒவ்வொரு காப்பியிலிருந்தும் மூன்று ஃபைலைத் திறந்து பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு பதினோராம் வகுப்பு மாணவர்கள் நாங்கள் பொறுப்பு.
5. சுவரிலிருந்து கழற்றிய இதழ்த் தாள் நூலகத்துக்குப் போக வேண்டும். தாளும் ஒரு காப்பிதான்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு நாள் வேலையை இழந்தால் தாங்குவோம்? எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? வங்கிக்கு விநாடிக் கணக்கில் பதில் வேண்டும். நமக்கு ஒரு மாத வேலை போனாலும், இரண்டு நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை. பதிலுக்குத் தகுந்தபடிதான் செலவு.

தெரியுமா?

'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகும்போது, 1998-ல், யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி பிக்சார் நிறுவனக் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்தது. பேக்கப்பும் சரியாக இல்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைக் கொண்டு வந்துதான் படத்தை மீட்டார்கள்.

இதைப் படித்ததும் எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. நம்ம பழைய இதழ்களை யாராவது போனில் படம் எடுத்திருப்பார்களே? பத்தாம் வகுப்பில் கேட்டோம். ஒரு தங்கை, தன் கவிதை வந்த இதழை அவள் அம்மா படம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். மறுநாள் அந்த ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. போன மாதம் வரை அது வெறும் போட்டோ. இன்றைக்கு நம்மிடம் உள்ள ஒரே காப்பி அதுதான்!

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் போனிலும் தேடிப் பாருங்கள். அண்ணன், அக்கா இங்கே படித்திருந்தால் அவர்களையும் கேளுங்கள். நம் இதழின் ஒரு பக்கம் கிடைத்தாலும் லேபில் கொண்டு வந்து கொடுங்கள். இந்தத் தடவை மூன்று இடத்தில் வைப்போம்.

யோசித்து விடை எழுதுங்கள்

1. நான்கு பெட்டிகளில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் எவ்வளவு நிரப்பலாம்?
2. கிளவுடில் இருப்பதாலேயே தகவல் பத்திரம் என்று சொல்லலாமா? ஏன்?
3. உங்கள் வீட்டில் ஒரே ஒரு காப்பி மட்டும் உள்ள முக்கியமான ஃபைல் எது?

முதல் இரண்டு விடைகளைத் தாளில் எழுதி அறிவிப்புப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடவும். மூன்றாவதற்கு விடை எழுத வேண்டாம். இன்று மாலையே ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.



– பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்